ஊர் எழுதாத உறை

பேர் எழுதியிருந்தேன்.
கதவு எண், சாலை, எல்லாம்.
ஊரை மட்டும் விட்டுவிட்டேன்.

லோர்னாவை டயாலிசிஸ் முடித்து
வீட்டுக்குக் கூட்டிவந்த மாலை அது.
சமையல் மேசையில் சூப் ஆறிக்கொண்டிருந்தது.
தபால் ஓட்டுக்கு ஒரு சாட்சி வேண்டுமாம்.
பக்கத்து வீட்டுக்காரனுக்குப் புதிதாக ஊர் எதற்கு
என்று நினைத்தேனோ என்னவோ.
நினைக்கக்கூட இல்லை.
பேனா நின்ற இடத்தில் நின்றுவிட்டது.

உறை வில்மாவின் மேசைக்குப் போனது.
பதினேழு வருடமாக டெல்வினின் எழுத்தர்.
என் நாய்க்கு உரிமம் தருபவள்,
என் விவாகரத்தைப் பற்றி
ஒரு வார்த்தை கேட்காதவள்.
சிவப்புப் பேனாவை எடுத்து
காலியாய்க் கிடந்த கட்டத்தில்
"டெல்வின்" என்று எழுதினாள்.
கீழே தன் முதலெழுத்துகளையும் போட்டாள்.
ஒளிக்க நினைப்பவர் யாராவது
சிவப்பில் எழுதுவார்களா?

எழுதலாம் என்றது ஆணையத்தின் சுற்றறிக்கை,
அக்டோபரில்.
எழுதியது தப்பு என்றது நீதிமன்றம்,
பிப்ரவரியில்.
நடுவே நவம்பர் வந்துபோயிருந்தது.
முப்பத்தொரு ஓட்டில்
ஷெரிப் நாற்காலி கைமாறியிருந்தது.
தோற்றவரின் மீன்பிடிக் கூட்டாளிதான்
அரசு வழக்கறிஞர்.
அடுத்த தேர்தலில் அவரும் நிற்கிறார்.
சாலையோரம் நட்ட அவர் பலகையை
என் பனிவண்டி சாய்த்திருக்கிறது,
வேண்டுமென்றே இல்லை.
சரி, முதல் தடவை வேண்டுமென்றே இல்லை.

நூற்று நாற்பது உறைகள்.
உறைக்கு ஒரு குற்றம்.
என்னுடையது எண்பத்தாறு.
பிளாஸ்டிக் பைக்குள் போட்டு
திருட்டு நகைபோல் நீட்டினார்கள்.

"கருப்பில் இருப்பது உங்கள் எழுத்தா, திரு. ஸ்க்ராம்?"
ஆம்.
"சிவப்பில் இருப்பது?"
இல்லை.
"நன்றி. வேறு கேள்வி இல்லை."

வில்மாவின் வக்கீல் எழுந்தார்.
முட்டி சரியில்லாதவர், மெதுவாகத்தான் எழுந்தார்.
"எந்த ஊரில் குடியிருக்கிறீர்கள்?"
ஆட்சேபம், வழக்குக்குச் சம்பந்தமில்லாதது
என்றது எதிர்த்தரப்பு.
ஏற்கிறேன், என்றார் நீதிபதி.
வாயைத் திறந்திருந்தேன்.
நாலெழுத்தும் நாக்கில் நின்றன.
இருபத்தியிரண்டு குளிர்காலம்
அந்த ஊரின் ஒவ்வொரு சந்திலும் பனி தள்ளியவன்
சாட்சிக் கூண்டில் உட்கார்ந்திருந்தேன்,
பேர் உள்ள, ஊர் இல்லாத மனிதனாக.

பொய் சொன்னால் சிறை என்று
சத்தியம் வாங்கினார்கள்.
உண்மை சொன்னால் யாருக்குச் சிறை என்று
சொல்லவில்லை.

இறங்கும்போது வில்மா
லேசாகத் தலையசைத்தாள்.
கட்டணத்தை வாங்கிக்கொண்டு
சில்லறை சரி என்று அசைப்பாளே,
அதே அசைப்பு.

தீர்ப்பு மூன்று முறை தள்ளிப்போய்விட்டது.
ஏரிப்பக்கத்து வீட்டை விற்க
விளம்பரம் கொடுத்திருக்கிறாள், வக்கீலுக்காக.
நூற்று நாற்பதில் ஓர் ஓட்டாவது
செத்தவர் போட்டது என்றோ
இல்லாதவர் போட்டது என்றோ
யாரும் சொல்லவில்லை.
சொல்லவேண்டிய அவசியம் வரவில்லை.

மறு ஏப்ரலில் இன்னொரு தேர்தல்.
லோர்னா உறையைப் பிரிக்கவே இல்லை.
"என் ஓட்டுக்கு இன்னொருத்தர்
ஜெயிலுக்குப் போகவேண்டாம்" என்றாள்.
அதன்மேல் மாத்திரை டப்பாவை வைத்தாள்.
சாட்சியாக நானும் ஒன்றும் பேசவில்லை.

நாயின் உரிமத்தைப் புதுப்பிக்கப் போனேன்.
வில்மாவின் நாற்காலியில் ஒரு பையன்.
காலையில்தான் அவன் காரைச் சுற்றிப்
பனியை ஒதுக்கிக் கொடுத்திருந்தேன்.
படிவத்தை மேலும் கீழும் பார்த்தான்.
"ஊர் விட்டுப்போச்சு."
"உனக்குத் தெரியாதா?"
"தெரியும். ஆனா நான் எழுதக்கூடாது."

மேசைக்காலில் நூல் கட்டிய
கருப்புப் பேனாவை என் பக்கம் தள்ளினான்.
நூல் அவ்வளவு நீளம் இல்லை.
குனிந்துதான் எழுத வேண்டியிருந்தது.